உடைந்த பெட்டி யார் பொறுப்பு? மின்னணுக் கழிவும் மாநிலங்களும்

பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரரைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை நன்றாக அறியும். உதவாமல் போன பொருளுக்கும் ஒரு விலை உண்டு, எடுத்துப் போகிறவர்தான் வீட்டுக்காரருக்கு ஏதாவது தர வேண்டும் என்பது இங்கே ஊறிப்போன வழக்கம். மின்னணுக் கழிவை என்ன செய்வது என்று கடந்த முப்பது ஆண்டுகளில் உலகம் எழுதிய சட்டங்களில் முக்கியமானவை இதற்கு நேர்மாறான வழக்கமுள்ள நாடுகளில் பிறந்தவை. அங்கே பழைய குளிர்பதனப் பெட்டியை அப்புறப்படுத்தப் பணம் செலவாகும். அந்தப் பணத்தை யார் தலையில் வைப்பது என்றுதான் அங்கே விவாதம் தொடங்கியது. அதே சட்டங்கள் இந்தியாவுக்கு வந்தபோது, பணம் கேட்காமல் பணம் கொடுத்து வாங்கிப் போகும் ஒரு பெரிய வலைப்பின்னல் ஏற்கெனவே தெருத்தெருவாக இயங்கிக்கொண்டிருந்தது.

ஆயுள் முடிந்த கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் செல்பேசிக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகள் பல. செய்தவர், வாங்கியவர், அரசு, சந்தை என ஒவ்வொன்றுக்கும் வாதிடுவோர் இருக்கிறார்கள். அவற்றின் பிறப்பையும் பலவீனங்களையும் பார்த்துவிட்டு, இந்தியாவில் ஒரு மாநில அரசின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிக்கையிலேயே தொடங்கும் சிக்கல்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2005-இல் எடுத்த முதல் பெரிய மதிப்பீட்டின்படி நாட்டின் மின்னணுக் கழிவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன். 2012-இல் அது 8 லட்சம் டன்னாகும் என்றும் கணிக்கப்பட்டது. மாநிலங்களில் மகாராஷ்டிரம் முதலிடத்திலும் தமிழ்நாடு இரண்டாமிடத்திலும் இருந்தன. முதல் பத்து மாநிலங்கள் மட்டுமே மொத்தத்தில் 70 சதவீதத்தை உண்டாக்கின என்றது அந்த மதிப்பீடு.

பிற்காலக் கணக்குகளை ஒப்பிட்டால் குழப்பம் கூடுகிறது. வாரியத்தின் கணக்கில் 2019-20-இல் 10.14 லட்சம் டன், 2021-22-இல் 16.01 லட்சம் டன். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையோ 2022-ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் அளவை 41 லட்சம் டன் என்கிறது. சீனா, அமெரிக்கா ஆகியவற்றுக்கு அடுத்த இடம் அது. இரண்டு எண்களுக்கும் நடுவே இரண்டரை மடங்கு வித்தியாசம். வாரியம் அன்றைய விதிகளில் பட்டியலிட்ட 21 வகைப் பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உற்பத்தியாளர்கள் தந்த விற்பனை விவரத்தையும் பொருளின் சராசரி ஆயுளையும் வைத்துக் கணக்கிட்டது. உலக அறிக்கையின் பட்டியல் மிக நீளமானது. மிக்சியிலிருந்து பொம்மை வரை அதில் அடக்கம்.

இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. 2021-22-இல் முறையாகச் சேகரித்துப் பதப்படுத்தப்பட்டது 5.27 லட்சம் டன் என்கிறது வாரியம். 16 லட்சத்தை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. 41 லட்சத்தை வைத்துப் பார்த்தால் எட்டில் ஒரு பங்குதான். எந்த எண்ணை நம்புகிறோமோ அதற்கேற்ப ‘ஓரளவு தூரம் வந்துவிட்டோம்’ என்றும் சொல்லலாம், ‘இன்னும் தொடங்கவே இல்லை’ என்றும் சொல்லலாம்.

மாநில அளவுக்கு இறங்கினால் நிலைமை இன்னும் மங்கல். விற்பனைக் கணக்கிலிருந்து கழிவைக் கணிக்கும் முறை நாட்டுக்கு ஓரளவு பொருந்தும், மாநிலத்துக்குப் பொருந்தாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கணினி விழுப்புரத்தில் பயன்பட்டு, கடலூரில் கைமாறி, அதன் போர்டு மட்டும் லாரியேறி தில்லிக்குப் போகலாம். எந்த மாநிலத்தின் கழிவு அது?

செய்தவரே திருப்பி எடுக்கட்டும்

முதல் பெரிய விடை சுவீடனில் உருவானது. லுண்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அளித்த அறிக்கையில் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். பொருள் கடையை விட்டுப் போனதும் உற்பத்தியாளரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை, ஆயுள் முடிந்தபின் திருப்பி எடுத்துச் சீராக அழிக்கும் செலவும் அவருடையதே என்பது இதன் சாரம். உள்ளாட்சியின் சுமை குறைவது ஒரு பலன். அந்தச் செலவைக் குறைக்க வேண்டுமென்றே உற்பத்தியாளர் எளிதில் பிரிக்கக்கூடிய, நச்சு குறைந்த பொருளை வடிவமைப்பார் என்பது அதைவிடப் பெரிய நம்பிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2003 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டு ஆணை இக்கருத்தின் மீது எழுந்ததுதான்.

முதல் பலன் ஓரளவு கைகூடியது. இரண்டாவது நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. நிறுவனங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, சந்தைப் பங்குக்கும் எடைக்கும் ஏற்பச் செலவைப் பிரித்துக்கொண்டன. நன்றாக வடிவமைத்தவரும் மோசமாக வடிவமைத்தவரும் கிலோவுக்கு ஒரே தொகை கட்டும்போது வடிவமைப்பை மாற்றத் தூண்டுதல் எங்கிருந்து வரும்?

இந்தியா இக்கொள்கையை 2011-இல் அறிவித்து 2012 மே மாதம் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளில் ஏற்றது. ஆனால் எத்தனை சதவீதம் சேகரிக்க வேண்டும் என்ற இலக்கு அதில் இல்லை. 2016-இல் விதிகள் மாற்றி எழுதப்பட்டு, 2018-இல் படிப்படியான இலக்குகள் வந்தன: 2017-18-இல் 10 சதவீதம், ஆண்டுக்குப் பத்து சதவீதமாக ஏறி 70 சதவீதம் வரை. இலக்கு வந்ததும் அதைக் காகிதத்தில் எட்டும் கலையும் கூடவே வளர்ந்தது. பதிவு பெற்ற ஆலைகளில் பல தங்கள் கொள்ளளவுக்கு ஏற்பக் கழிவு கிடைக்காமல் காத்திருக்க, கழிவோ பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது.

வாங்கியவர் கட்டட்டும்

அமெரிக்காவில் மின்னணுக் கழிவுக்கெனக் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை இல்லை. ஆகவே அங்கே மாநிலங்களே சோதனைக்கூடம். கலிபோர்னியா 2003-இல் சட்டமியற்றி, 2005 முதல் ஒவ்வொரு திரைக்கும் வாங்கும்போதே 6 முதல் 10 டாலர் வரை கட்டணம் வசூலித்தது. அந்த நிதியிலிருந்து சேகரிப்போருக்கும் மறுசுழற்சியாளருக்கும் மாநிலமே எடைக்கேற்பப் பணம் கொடுத்தது. மெய்ன் மாநிலம் 2004-இல் வேறு வழியில் போனது: உள்ளாட்சிகள் சேகரிக்கும், செலவை உற்பத்தியாளர் ஏற்பார். வாஷிங்டன், மினசோட்டா, ஓரிகன், நியூயார்க் என்று தொடர்ந்து இருபத்தைந்து மாநிலங்கள் அளவில் தத்தம் சட்டங்களை எழுதிக்கொண்டன.

மாநில எல்லைக்குள் எழுதிய சட்டத்தை எல்லை தாண்டும் சரக்கு எப்படித் தோற்கடிக்கும் என்பதை இந்த அனுபவம் துல்லியமாகக் காட்டியது. கலிபோர்னியா எடைக்குப் பணம் கொடுக்கிறது என்றதும் அடுத்த மாநிலத்துப் பழைய பெட்டிகள் உள்ளே வந்தன. கட்டணமே கட்டாத பொருளுக்கு நிதியிலிருந்து பணம் போயிற்று. எடையை இலக்காக வைத்த சில மாநிலங்களில், அந்த எடையை எட்டியதும் உற்பத்தியாளர்கள் மேற்கொண்டு செலவழிக்க மறுத்தார்கள். ஆண்டின் பிற்பாதியில் பொருள் வந்துகொண்டே இருக்க, கிடங்குகள் நிரம்பின. வாஷிங்டன் மாநிலத் திட்டத்தின் முக்கிய மறுசுழற்சி நிறுவனம் ஒன்று பாதரசம் அடங்கிய தட்டைத் திரைகளை ஹாங்காங்குக்கு ஏற்றுமதி செய்ததை ஒரு தன்னார்வ அமைப்பு பெட்டிகளுக்குள் ஒளித்துவைத்த ஜி.பி.எஸ். கருவிகள் காட்டிக்கொடுத்தன, அதன் உரிமையாளர்கள் 2018-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஜப்பானின் விடை இன்னும் நேரடியானது. 2001-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஏ.சி. ஆகியவற்றைத் தூக்கிப் போடுகிறவர் அந்த நேரத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். ஒழுங்குக்குப் பெயர்பெற்ற அந்த நாட்டிலேயே சட்டவிரோதமாகக் கொட்டுவது ஒரு தொடர் தலைவலியாகிவிட்டது. பழைய பொருளுக்குக் காசு எதிர்பார்க்கும் தமிழ்நாட்டு வீட்டில் இந்த முறையை யாரும் முன்மொழியக்கூடத் துணியவில்லை என்பது இயல்பே.

காயலான் கடை: எதிரியா, அடித்தளமா?

2002-இல் வெளியான ‘தீங்கை ஏற்றுமதி செய்தல்’ என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்புகளின் அறிக்கை சீனத்தின் குய்யு, பாகிஸ்தானின் கராச்சி ஆகியவற்றோடு தில்லியையும் படம்பிடித்தது. அதன்பின் இந்தியாவில் முறைசாராத் துறை என்றாலே தில்லி சீலம்பூரின் சந்துகளும் மொராதாபாத்தில் ராமகங்கைக் கரையின் கருஞ்சாம்பலும்தான் கண்முன் வருகின்றன. அந்தப் படம் உண்மையானதுதான். ஆனால் முழுமையானது அல்ல. வேலையின் எந்தக் கட்டத்தில் நஞ்சு பிறக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் கொள்கை விவாதம் தெளிவாகும்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று காயலான் கடையில் பிரிக்கப்படுவதைக் கவனிக்கலாம். பின்மூடியின் திருகுகளைக் கழற்றியதும் முதலில் கை போவது பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் மீது. அதில் இருப்பது செம்புச் சுருள். அவசரக்காரர் கழுத்தைச் சுத்தியால் தட்டி உடைத்து யோக்கை உருவிவிடுவார். அடுத்து போர்டு, அதிலிருக்கும் மின்மாற்றி தனியே, சூடு தணிக்கும் அலுமினியத் தகடு தனியே. ஸ்பீக்கரின் காந்தம் ஒரு பக்கம். வயரைக் கத்தியால் சீவினால் காப்பருக்கு நல்ல விலை, ஆனால் நேரமாகும், எரித்தால் சீக்கிரம். பிளாஸ்டிக் கூடு அரவை ஆலைக்குப் போகும். இத்தனையும் தராசில் ஏறியபின் தரையில் மிஞ்சுவது அந்தக் குழாய். அதன் கூம்புப் பகுதிக் கண்ணாடியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. முகப்பின் உட்புறத்தில் பாஸ்பர் பூச்சு. அதை வாங்க ஆளில்லை. உடைந்தபடியே குப்பைமேட்டுக்கோ ஏரிக்கரைக்கோ போகிறது.

ஆக, திருகைக் கழற்றும் வேலையில் நஞ்சு குறைவு. வயரை எரிக்கையில் எழும் டையாக்சினிலும், போர்டைச் சூடாக்கி ஈயப் பற்றை உருக்குவதிலும், தங்கம் பூசிய முனைகளை ராஜதிராவகத்தில் முக்கி எடுத்தபின் அமிலத்தைச் சாக்கடையில் விடுவதிலும், யாரும் வாங்காத கண்ணாடியை வீசுவதிலும்தான் ஆபத்து குவிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை இந்த வேலை நடக்கும் இடங்களில் வாழும் குழந்தைகளின் உடலில் சேரும் ஈயத்தைப் பற்றி உரக்க எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைக் காயலான் கடைக்காரர் மீதான குற்றப்பத்திரிகையாகப் படிப்பது நியாயமாகாது. முதலில் பாதிக்கப்படுபவை அவர்களுடைய குழந்தைகளின் உடல்கள்தாம்.

இத்துறையை என்ன செய்வது என்பதில் அறிஞர்கள் மூன்று பக்கமாக நிற்கிறார்கள். தடை செய்வது ஒரு பக்கம். ஒரு சந்தில் சோதனை நடந்தால் அடுத்த வாரம் வேலை நகரின் வேறு ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதே தடையின் வரலாறு. எல்லாரையும் பதிவு செய்து முறைப்படுத்துவது இன்னொரு பக்கம். ஒரு சிறு கடைக்காரரால் நிலம், ஆலை அனுமதி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்கான முதலீட்டைத் திரட்ட முடிவதில்லை. மூன்றாவது, வேலையைப் பகுத்துக்கொள்வது: வீடுவீடாகச் சேகரிப்பதும் கையால் பிரிப்பதும் அவர்களிடமே இருக்கட்டும், வேதியியல் கட்டத்தை மட்டும் நவீன ஆலை செய்யட்டும். பெங்களூரில் 2005 வாக்கில் இ-பரிசரா மறுசுழற்சி நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த யோசனை பல வடிவங்களில் சோதிக்கப்பட்டு வருகிறது. சேகரித்த போர்டுகளை பெல்ஜியத்தின் ஹோபோகன் போன்ற இடங்களில் உள்ள பெரிய உருக்காலைகளுக்கு அனுப்பி உலோகம் எடுக்கும் வழக்கமும் இதனுடன் சேர்ந்தது.

மூன்றாவது வழியே அறிவுக்குப் பொருந்துகிறது. ஆனாலும் அது தடுமாறும் இடம் விலை. அமிலத்தைச் சாக்கடையில் விடுகிறவருக்குச் சுத்திகரிப்புச் செலவு கிடையாது. ஆகவே அவர் போர்டுக்குக் கூடுதல் விலை தருவார். அந்த விலை வித்தியாசத்தை ஈடுசெய்யாமல் எத்தனை பயிற்சி முகாம் நடத்தினாலும் நல்ல போர்டு நல்ல ஆலைக்குப் போகாது.

சான்றிதழ்ச் சந்தை

2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகள் இந்த விலைப் பிரச்சினையைச் சந்தையால் தீர்க்கப் பார்க்கின்றன. பொருள்களின் பட்டியல் 106 ஆக விரிந்தது. சேகரிப்பு மையங்களும் பிரிப்போரும் பதிவுப் பட்டியலிலிருந்து நீங்கி, உற்பத்தி செய்பவர், விற்பனைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என நால்வர் மட்டும் மிஞ்சினார்கள். மறுசுழற்சியாளர் மீட்டெடுத்த உலோகத்துக்குச் சான்றிதழ் பெறுவார். நிறுவனங்கள் தங்கள் இலக்குக்கேற்ப அவற்றை வாங்க வேண்டும். இலக்கு 60 சதவீதத்தில் தொடங்கி 2027-28 முதல் 80 சதவீதம். சான்றிதழ் விலை அடிமட்டத்துக்குச் சரியாதிருக்க 2024-இல் கீழ்வரம்பு வந்தது. வீட்டு மின்னணுப் பொருளுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். செலவு பல மடங்கு கூடிவிட்டது என்று பெரிய உற்பத்தி நிறுவனங்கள் சில தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

பணம் மறுசுழற்சியாளர் கைக்கு நேராகச் செல்வது இந்த முறையின் பலம். அந்தப் பணத்தில் அவர் காயலான் கடைக்குக் கூடுதல் விலை கொடுக்க முடியும். ஆனால் கவலைகள் உண்டு. இதே மாதிரியில் அமைந்த பிளாஸ்டிக் சான்றிதழ்ச் சந்தையில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை மத்திய வாரியமே 2023-இல் கண்டுபிடித்தது. இணையதளத்தில் எல்லாம் மையமாகிவிட்டதால், ஆலைக்குள் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய மாநில வாரியத்தின் கை தளர்ந்துவிட்டதோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

இவற்றைவிட அடிப்படையான பலவீனம் ஒன்றுக்கு விவாதத்தில் போதிய இடம் கிடைக்கவில்லை. சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நான்கு உலோகங்களை வைத்துத் தொடங்கியது. மேலே பிரிக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டியை நினைத்துப் பார்த்தால், காயலான் கடைக்காரர் யாரும் சொல்லாமலே பத்திரமாக எடுத்துவைத்தவை அவைதான். அவர் வீசியெறிந்த ஈயக் கண்ணாடிக்குச் சான்றிதழ் மதிப்பு இல்லை. மின்னணுக் கழிவு என்று ஒரே சொல்லால் நாம் அழைப்பது உண்மையில் இரண்டு வேறு பொருள்கள். ஒன்று, எல்லாரும் விலைபேசி வாங்குவது. மற்றது, காசு கொடுத்தாலும் யாரும் எடுக்க விரும்பாதது. சந்தை முதலாவதைக் கவனித்துக்கொள்ளும். இரண்டாவதற்கு எப்போதும் யாரோ செலவழித்தாக வேண்டும்.

அந்தச் செலவை யாரும் ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் சாட்சி. பழைய குழாய்க் கண்ணாடியிலிருந்து ஈயத்தைப் பிரிப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனம் 2016-இல் மூடிக்கொண்டபோது அங்கே கிடங்குகளில் பத்து கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கண்ணாடி கைவிடப்பட்டிருந்தது. புதிய பிக்சர் டியூப் செய்வது நின்றதும் பழைய கண்ணாடிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. உலகில் அதைக் கடைசிவரை வாங்கி உருக்கிய ஆலைகளில் ஒன்று நம் குஜராத்தின் பரூச்சில் இருந்தது.

மாநிலத்தின் கையில் இருப்பவை

விதிகள் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுப்பவை. இலக்கும் சான்றிதழும் தில்லியின் கையில். இதைக் காட்டி மாநிலங்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். விதிகளையே கவனமாகப் படித்தால் இந்தக் கருத்து நிற்காது. தொழிற்பேட்டைகளில் மறுசுழற்சிக்கு இடம் ஒதுக்குவது மாநிலத் தொழில்துறையின் கடமை. பிரித்தெடுக்கும் தொழிலாளரை அடையாளம் கண்டு பதிவு செய்வது, குழுவாக்குவது, பயிற்சியும் உடல்நலப் பாதுகாப்பும் தருவது மாநிலத் தொழிலாளர் துறையின் கடமை. குப்பையோடு கலந்துவரும் மின்னணுக் கழிவைப் பிரித்தெடுப்பதும், உற்பத்தியாளர் யாரென்று தெரியாத அநாதைப் பொருள்களைச் சேகரிப்பதும் உள்ளாட்சியின் பொறுப்பு. இந்தியா முழுக்க எழுத்தில் உறுதியாகவும் நடப்பில் மெலிந்தும் கிடப்பவை இந்தக் கடமைகளே, குறிப்பாகத் தொழிலாளர் பதிவு.

தமிழ்நாடு தனக்கென மின்னணுக் கழிவுக் கொள்கையை 2010-இலேயே, மத்திய விதிகள் வருவதற்கு முன்பே வெளியிட்டது. தெலங்கானா 2017-இல் வெளியிட்டது. தொலைநோக்கு என்ற அளவில் இவற்றைப் பாராட்டலாம். ஆனால் கொள்கை ஆவணத்துக்குச் சட்ட வலு இல்லை. அதற்கெனத் தனி நிதியும் ஆளும் ஒதுக்கப்படாவிட்டால் அது அலமாரியில் இருக்கும். கேரளம் வேறு தடத்தில் நடந்தது. க்ளீன் கேரளா என்ற அரசு நிறுவனம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தேங்கிய கணினிகளை எடுத்தது. 2025-இல் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வழியாக வீடுகளிலிருந்தும், எடைக்கு விலை கொடுத்து, எடுக்கத் தொடங்கியது. விலை கொடுப்பது என்பதே இதில் கவனிக்க வேண்டிய அம்சம். பேரீச்சம்பழ வண்டிக்காரரின் தர்மத்தை ஓர் அரசுத் திட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெண்களின் உழைப்புக்கு உரிய கூலியையும் சேர்த்து அது நீண்டநாள் தாக்குப்பிடிக்குமா என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே மதிப்பிட முடியும். தமிழ்நாட்டில் 2025-இல் தொடங்கிய தூய்மை இயக்கமும் அரசு அலுவலகங்களில் கிடந்த கழிவை எடுப்பதில்தான் அடியெடுத்து வைத்தது.

மாநிலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதுவே மிகப் பெரிய வாடிக்கையாளர். தமிழ்நாட்டில் இது வேறெங்கும் இல்லாத அளவுக்கு உண்மை. 2006 முதல் 2011 வரை மாநில அரசு தன் நிறுவனமான எல்காட் வழியாக வாங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. எல்லாம் பிக்சர் டியூப் பெட்டிகள். ஒன்றுக்குப் பத்து கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒன்றரை லட்சம் டன். 2005-இல் நாடு முழுவதற்கும் ஓராண்டுக்கு மதிப்பிடப்பட்ட மின்னணுக் கழிவு ஏறக்குறைய அவ்வளவுதான். அதன்பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி. ஏழை வீட்டுக்குத் திரையும், சமையலறையில் கைவலி குறைக்கும் இயந்திரமும், பிள்ளைகளுக்குக் கணினியும் போய்ச் சேர்ந்தது சிறிய சாதனை அன்று. அதைக் குறை சொல்ல இங்கே ஒன்றுமில்லை. பொருளைக் கொடுத்த கை பழுதானபின் அதைத் திரும்ப வாங்கவும் ஓர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பதே கேட்க வேண்டியது. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்நேரம் ஓடி ஓய்ந்திருக்கும். அவற்றின் கண்ணாடி எங்கே போனது என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் விடை இல்லை.

கொள்முதல் ஒப்பந்தம் என்பது மாநிலத்தின் தனி அதிகாரம். அதற்குத் தில்லியின் அனுமதி வேண்டாம். ஐந்தாண்டு முடிந்ததும் பழைய மடிக்கணினியைப் பள்ளியிலோ கல்லூரியிலோ திரும்பப் பெற வேண்டும், அதற்கு மாணவருக்கு ஒரு தொகை தர வேண்டும், உதிரி பாகம் இத்தனை ஆண்டு கிடைக்க வேண்டும் என்றெல்லாம் விலைப்புள்ளி கோரும்போதே நிபந்தனை வைக்க முடியும். 2025-26 நிதிநிலை அறிக்கை இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்குவதாக அறிவித்ததால் இது பழங்கதை ஆகிவிடவில்லை.

உற்பத்தி பக்கத்திலும் மாநிலத்தின் எடை கூடிவிட்டது. 2006-இல் திருப்பெரும்புதூருக்கு வந்து 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையின் காலத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்கு, 2024-25-இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலரைத் தொட்டது. இந்தியாவில் முதலிடம். ஆலைகளின் உற்பத்திக் கழிவு வீட்டுக் கழிவைப் போலச் சிதறிக் கிடப்பதில்லை. ஒரே இடத்தில், ஒரே தரத்தில், எடைச்சீட்டோடு கிடைக்கிறது. முறையான ஆலை ஒன்று நிலைபெற இந்த நிதானமான வரத்து பெரிய துணை. முக்கியக் கனிமங்களை மீட்க மத்திய அரசு 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டமும் இதனுடன் சேரக்கூடும். மதிப்புள்ள கழிவைக் கையாளும் ஆலைக்குச் சலுகை நிலம் தரும் மாநிலம், அதற்கு ஈடாக மதிப்பற்றதையும் ஒரு விகிதத்தில் ஏற்க வேண்டும் என்று கேட்கலாம். அப்படி ஒரு பேரம் எங்கேனும் நன்றாக நடந்ததற்குச் சான்று குறைவு. என்றாலும் இருப்பவற்றுள் நம்பத்தகுந்த வழியாக இது படுகிறது.

கழிவாகாமல் காப்பது

மறுசுழற்சியைவிடப் பழுதுபார்ப்பது மேல் என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் 2022-இலும் மினசோட்டா, கலிபோர்னியா 2023-இலும் ஓரிகன் 2024-இலும் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டங்களை இயற்றி, உதிரி பாகங்களையும் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் தரச் சொல்லின. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்து, பின் ஓர் இணையதளத்தைத் திறந்தது, கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும் செல்பேசி சர்வீஸ் கடை ஒன்றாவது இருக்கும். அங்கே கைத்திறனுக்குப் பஞ்சம் இல்லை, உதிரி பாகத்துக்குத்தான்.

தீராமல் நிற்பவை

இத்தனை ஆண்டு விவாதத்தில் சில உறுதியாகிவிட்டன. பொறுப்பு உற்பத்தியாளருடையது என்ற கொள்கை இனிப் பின்வாங்கப் போவதில்லை. காயலான் கடையை ஒழித்துவிட்டு ஒரு முறையைக் கட்ட முடியாது என்பதையும் இப்போது பலர் ஏற்கிறார்கள். மாநிலச் சட்டம் தனியே நின்றால் எல்லை தாண்டும் சரக்கு அதை உடைக்கும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் போதும்.

சான்றிதழால் வரும் கூடுதல் பணம் கடைசிக் கண்ணியில் நிற்கும் தள்ளுவண்டிக்காரர் வரை கசிகிறதா, இடையிலேயே தங்கிவிடுகிறதா என்பது இன்னும் தெளிவாகவில்லை. மாநிலவாரியான நம்பகமான கணக்கெடுப்பு இல்லாமல் எந்தத் திட்டத்தின் பலனையும் அளக்க இயலாது. அதை யார் எடுப்பது என்பதும் முடிவாகவில்லை. தொழிலாளர் பதிவு நலவாரியம் போன்ற ஓர் அமைப்பாக வளருமா, அடையாள அட்டையோடு நின்றுவிடுமா என்பதும் அப்படித்தான்.

யாரும் விரும்பாத கழிவின் கேள்வி புதிய உருவில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. 2022 விதிகள் சூரிய மின்தகடுகளையும் பட்டியலில் சேர்த்தன. ஆனால் 2034-35 வரை உருவாகும் தகட்டுக் கழிவைச் சேர்த்துவைத்தால் போதும் என்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் பூங்கா 2016-இல் இயங்கத் தொடங்கியது. மாநிலத்தின் தென்மாவட்டங்களில் அதன்பின் தகடுகள் பரந்துவிட்டன. தகட்டின் எடையில் பெரும்பங்கு கண்ணாடி. அலுமினியச் சட்டத்தைக் கழற்றவும் வயரை அறுக்கவும் ஆட்கள் கிடைப்பார்கள். மிஞ்சும் கண்ணாடியை எந்தக் கொட்டகையில், எத்தனை ஆண்டு, யார் செலவில் அடுக்கிவைப்பது, அங்கே மழைக்காலத்தில் போய்ப் பார்த்துவர வேண்டியவர் யார் என்பதை மாநில வாரியமும் மின்வாரியமும் மாவட்ட நிர்வாகமும் இன்னும் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.